போத்தல் பச்சை, உள்ளே என்ன? சுத்திகரிப்புக் கேள்வி-பதில்

கே: கலியாண மண்டபத் தரைக்கு அப்பச்சோடாவும் வினாகிரியும் கலந்து போடுகிறோம். நன்றாக நுரைக்கிறது. பசுமை முறைதானே? (கிளிநொச்சி)

ப: நுரைப்பது காபனீரொட்சைட்டு. அது போனபின் வாளியில் மிஞ்சுவது ஒருவகை உப்புத் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா, கல் படிவுக்கு வினாகிரி. தனித்தனியே பாவியுங்கள்.

கே: கக்கூசுக்கு அசிட் ஊற்றி, மேலே பிளீச்சும் விட்டால் பளிச்சென்று வருகிறது. கொஞ்சம் இருமல்தான். பரவாயில்லையா? (பரந்தன்)

ப: பரந்தனிலிருந்தா இந்தக் கேள்வி! போருக்கு முன் உங்கள் ஊர் இரசாயனத் தொழிற்சாலையில் குளோரின் எடுத்தார்கள். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கக்கூசுக்குள் எடுக்கிறீர்கள். அந்த இருமல் குளோரின் வாயுவால் வருவது. அசிட், பிளீச், அமோனியா, எதையும் எதனோடும் கலக்க வேண்டாம். எத்தனை தரம் எழுதுவது?

கே: அலுவலகங்கள் 'இயற்கைப் பொருள்தான் பாவிக்க வேண்டும்' என்கின்றன. கடையில் பச்சைப் போத்தலில் '100% இயற்கை' என்று போட்டிருக்கிறது. நம்பி வாங்கலாமா? (வவுனியா, இதையே இன்னும் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள்)

ப: போத்தல் பச்சை, உள்ளே இருப்பதும் பச்சை, மூடியைத் திறந்தால் தேசிக்காய் மணம். இந்த மூன்றுக்கும் பசுமைக்கும் சம்பந்தமே இல்லை. நிறம் சாயம். மணம் வாசனைத் திரவியம். நாள் முழுக்கத் துடைக்கிற பிள்ளைக்கு அதுவே கண் எரிவையும் இழுப்பையும் கொண்டுவரலாம். 'இயற்கை' என்றால் காஞ்சோண்டியும் இயற்கைதான், உடம்பில் தேய்த்துப் பாருங்கள்.

லேபலில் மூன்றைத் தேடுங்கள்: என்ன சேர்ந்திருக்கிறது, எத்தனைக்கு எத்தனை கரைப்பது, யார் செய்தது. வெளிநாட்டுச் சரக்கென்றால் சூழல் முத்திரையைப் பாருங்கள். ஜேர்மனியின் நீலத் தேவதை 1978 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தின் பூ முத்திரை 1992 முதல் இருக்கின்றன. சேர்மானத்தைப் பரிசோதித்துத்தான் அவற்றைக் கொடுப்பார்கள்.

ஆனால் நல்ல சரக்கையும் கெடுப்பது ஊற்றுகிற கைதான். ஒரு விடுதியில் கண்ணால் கண்டேன். வாளிக்கு ஒரு மூடி போதும் என்று போத்தலிலேயே எழுதியிருக்கிறது, அந்தத் தம்பி கால் போத்தலைக் கவிழ்க்கிறான். கேட்டால், "மணம் வராட்டி முதலாளி ஏசுவார்" என்கிறான். கூடிப்போனது தரையில் பிசின்போல நிற்கும். விடியக் கிரவல் தூசி அதிலேயே ஒட்டும். திரும்பவும் கழுவல், திரும்பவும் அரைப் போத்தல். கழுவின தண்ணீர் வாய்க்காலுக்குப் போய் மழையோடு குளத்தில் சேருகிறது. சரக்கில் பொசுபேற்று இருந்தால் அது உரம்போல, குளத்துப் பாசிக்குக் கொண்டாட்டம். முதலாளிமாரே, சுத்தமான தரைக்கு மணம் கிடையாது! ஒரு அளவுமூடி வாங்கிக் கொடுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள், பாதி ஊத்தை உள்ளேயே வராது.

கே: மைக்ரோஃபைபர் துணி சில மாதத்தில் தண்ணீர் உறிஞ்சுவதில்லை. (முல்லைத்தீவு)

ப: மணத்துக்கு சொப்ட்னர் போட்டுத் தோய்க்கிறீர்கள். அது இழையில் படிந்து உறிஞ்ச விடாது. நிறுத்துங்கள்.

கே: கிணற்றுத் தண்ணீரால் குழாயிலும் ரைல்ஸிலும் வெள்ளைப் படிவு. அசிட்தான் வழியா? (மாங்குளம்)

ப: சிட்ரிக் அமிலத் தூள் போதும். ஒரு லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். முதலில் தரையை நனைத்தால் ரைல்ஸ் இடுக்குச் சீமெந்து தப்பும். உண்மையான சலவைக்கல்லில் எந்த அமிலமும் படக்கூடாது. கல் அரித்துவிடும்.

கே: பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரைப் போத்தலில் அடைத்து விற்கலாமா? கிளினிக் ஒன்றும் கேட்கிறது. (புதுக்குடியிருப்பு)

ப: சில நாளிலேயே புளித்து நாறும். அன்றன்றைக்குச் செய்து நீங்களே பாவியுங்கள். ஊத்தை எடுக்கும், ஆனால் கிருமி கொல்லும் என்று நம்ப வேண்டாம். கிளினிக்குக்குக் கொடுக்காதீர்கள்.

கே: இந்தப் பசுமைச் சுத்திகரிப்பெல்லாம் வெளிநாட்டு ஃபாஷன்தானே? (ஓமந்தை)

ப: நியூயோர்க் மாநிலம் 2005இல் பாடசாலைகளுக்கு இதைச் சட்டமாக்கியது, இல்லினோய் 2007இல். பிள்ளைகளினதும் துடைப்பவர்களினதும் சுவாசத்தை நினைத்துச் செய்தது. உங்களிடம் வேலை செய்பவர்களுக்கும் நெஞ்சுக்குள் நுரையீரல்தான் இருக்கிறது.

கே: (சோடாப் போத்தலில் நீல நிறத் திரவம், படம் மட்டும்) இது என்ன? எதற்குப் பாவிக்கலாம்?

ப: படத்தைப் பார்த்து எனக்கு எப்படித் தெரியும்? லேபல் இல்லாத போத்தலை வாங்காதீர்கள் என்று மாதாமாதம் எழுதுகிறேன். மூடியை இறுக்கி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்து, நாளைக்கே விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள்.