தூண்டில் கேள்வி–பதில்: ஈயக்குட்டை ஆழமும் நீரிணை ஆழமும்

கேள்வி: யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் 30, 40 அடி ஆழத்தில் டிராப்ஷாட் (அடியில் ஈயக் குண்டு, அதற்கு மேலே கொக்கி) போட்டு பாஸ் மீனை அள்ளுகிறார்கள். அதே செட்டை வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஈயக்குட்டையில் (பழைய ஈயச் சுரங்கத்தில் நீர் நிறைந்த குளம்) போட்டால் பகல் முழுக்க ஒரு மீன்கூடத் தட்டவில்லை. குட்டை 15 மீட்டர் ஆழமாம். தவறு செட்டிலா, இடத்திலா?
– வாசகர், பூச்சோங்

பதில்: இரண்டிலும் உண்டு. முதலில் ஆழத்தைப் பார்த்துவிடுவோம்.

அவர்கள் பிடிப்பது லார்ஜ்மௌத், ஸ்பாட்டட் பாஸ் வகைகள். அந்த ஊர்களில் குளிர் வந்ததும் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும். ஏரி முழுவதும் கலந்து, ஆக்சிஜன் அடிவரை போகும், மீனும் கூடவே போகும். நம் குட்டைக்குக் குளிர்காலமே கிடையாது. மேல்நீர் ஆண்டு முழுக்க 30 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கிறது. சூடான நீர் இலேசாக மேலே மிதக்க, குளிர்ந்த நீர் அடியில் படுத்துக்கொள்ளும். அடிநீரில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் மக்கும் இலைதழை தீர்த்துவிடும். ஆக, 15 மீட்டர் குட்டையின் அடியில் நீங்கள் எவ்வளவு அழகாக ஆட்டினாலும் பார்க்க அங்கே யாரும் இல்லை.

மீன் இருக்கக்கூடிய கடைசி ஆழம் எது என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. 20 கிராம் ஈயக் குண்டை நேராக அடிக்கு விட்டு, சேற்றில் ஒருமுறை இழுத்து, மேலே எடுத்து மூக்கருகில் பிடியுங்கள். கறுப்புச் சேறு ஒட்டி அழுகிய முட்டை வாடை அடித்தால் அந்த ஆழத்தை விட்டுவிடலாம். கரைப் பக்கம் நகர்ந்து நகர்ந்து இதையே செய்யுங்கள். வாடை நின்று, சேறு பழுப்பாகவோ சாம்பல் களிமண்ணாகவோ மாறும் ஆழம்தான் உங்கள் எல்லை. ஆய்வுக்கூடத் துல்லியம் இதில் இல்லை, ஆனால் பாதி நாளை மிச்சப்படுத்தும். ஆழம் அளக்க 10 மீட்டருக்கு ஒரு நிறம் மாறும் பிரெய்டு, அதாவது பின்னிய தங்கூசி (தூண்டில் நரம்பு), போதும். அதில் மீட்டருக்கு ஒரு சிறு குறியும் இருக்கும்.

அடுத்தது மீன். நம் குட்டைகளில் இருப்பது பீகாக் பாஸ். பெயரில்தான் பாஸ், குடும்பத்தில் திலாப்பியாவின் சொந்தக்காரர். கண்ணால் பார்த்து, துரத்தி அடிக்கும் மீன் இது. ஒரே இடத்தில் நின்று நடுங்கும் டிராப்ஷாட் இதற்கு அவ்வளவாகப் பிடிக்காது. காலையில் கரையோரம் சிறுமீனைத் துரத்திக்கொண்டிருக்கும். வெயில் ஏறியதும் கரை செங்குத்தாக இறங்கும் விளிம்பு, நீருக்கடியில் நீளும் மணல்திட்டின் முனை, மூழ்கிய மரம் என்று ஒதுங்கி, நடுநீரில் தொங்கும். அந்த உயரத்துக்குத் தூண்டிலைக் கொண்டுபோவதற்கு எண்ணிக்கைதான் கருவி.

4 மீட்டர் என்று அளந்து வைத்த இடத்தில், 10 கிராம் ஜிக்ஹெட்டில் (தலையில் ஈயம் வார்த்த கொக்கி) 3 அங்குல ரப்பர் மீனை மாட்டி நேராக விட்டு எண்ணுங்கள். 5 எண்ணுவதற்குள் தரை தட்டினால், ஒரு எண்ணுக்கு 80 சென்டிமீட்டர். 5 மீட்டரில் வேலை செய்ய வேண்டுமென்றால் வீசியபின் 6 எண்ணிக்கை. ரப்பரை மாற்றினாலோ எடையை மாற்றினாலோ மறுபடி அளக்க வேண்டும். தடித்த வால் உள்ள ரப்பர் மெதுவாக இறங்கும்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று. வீசியதும் ரீலில் தங்கூசியைத் தடுக்கும் கம்பி வளையத்தை மூடிவிடுகிறார்கள். மூடினால் ஜிக் நேராக இறங்காது. ஊஞ்சல்போல் உங்களை நோக்கியே வரும், விளிம்பைத் தாண்டிவிடும். எண்ணி முடிக்கும்வரை திறந்தே வையுங்கள். காற்றடித்தால் நுனிக்கம்பை நீர்மட்டத்துக்குத் தாழ்த்துங்கள், இல்லையென்றால் தங்கூசி வில்லாக வளைந்து தட்டு தெரியாமல் போகும். பிறகு இரண்டு சுற்று வேகமாக, இரண்டு எண்ணிக்கை விழவிடுவது. சுற்றும்போது ஜிக் மேலேறுவதால் அந்த விழுதல்தான் அதை அதே ஆழத்தில் நிறுத்துகிறது. மீன் பின்தொடர்வது தெரிந்தால் நிறுத்தாதீர்கள், வேகத்தைக் கூட்டுங்கள்.

செட்: 10–17 பவுண்டு கம்பு, 2500 அளவு ரீல், 1.5 எண் பிரெய்டு, 30 பவுண்டு லீடர் (கொக்கிப் பக்கத் தனித் தங்கூசி) 80 சென்டிமீட்டர், இரண்டையும் இணைக்க எஃப்.ஜி. முடிச்சு. முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைக்காவிட்டால் சூட்டில் பிரெய்டு வலுவிழக்கும். டிராப்ஷாட்டை விட மனமில்லை என்றால், மெல்லிய கம்பிக் கொக்கியை எடுத்துவிட்டு 1/0 தடித்த கொக்கி போடுங்கள் (பீகாக் பாஸ் மெல்லியதை நிமிர்த்திவிடும்). கொக்கிக்கும் ஈயத்துக்கும் இடையே வழக்கமான 40 சென்டிமீட்டருக்குப் பதில் 1 மீட்டருக்குமேல் விடுங்கள்.

இன்னொன்று: பெருமழைக்கு மறுநாள் விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறினால், அடிநீர் மேலே கலந்துவிட்டது என்று பொருள். அன்று எந்த ஆழத்திலும் நேரம் போக்க வேண்டாம்.

கேள்வி: ஆழத்தில் பிடித்த மீனைத் திரும்ப விட்டால் வயிறு உப்பி மல்லாந்து மிதக்கிறது. சிலதற்கு வாயில் பலூன்போல் ஏதோ வெளியே வருகிறது. ஊசியால் குத்திவிடலாமா?
– வாசகி, ரவாங்

பதில்: வாயில் தெரிவது பெரும்பாலும் மீனின் இரைப்பை. காற்றுப்பை வீங்கி அதை வெளியே தள்ளியிருக்கிறது. குத்தினால் இரைப்பையில்தான் ஓட்டை விழும்.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு. அங்கிருந்து மேலே வந்தால் பையிலுள்ள காற்று இரண்டு மடங்காக விரியும். பீகாக் பாஸ், சியாக்காப் (கொடுவா) போன்றவற்றின் காற்றுப்பைக்குத் தொண்டையோடு இணைப்பு இல்லை. ஏப்பம்போல் காற்றை வெளியேற்ற முடியாது. மெதுவாக இழுத்தால் சரியாகிவிடும் என்பதும் நடைமுறைக்கு உதவாது, அந்தக் காற்று இரத்தத்தில் கரைய மணிக்கணக்காகும். மீனை மீண்டும் கீழே அனுப்புவதே மருந்து. ஒரு பெரிய கொக்கியின் முள்ளை நசுக்கி, தங்கூசியைக் கொக்கியின் வளைவில் கட்டி, கொக்கியின் கண்ணில் (தங்கூசி கோக்கும் துளை) 200 கிராம் ஈயத்தைத் தொங்கவிடுங்கள். கொக்கி முனை கீழ்நோக்கி இருக்கும். அதை மீனின் கீழுதட்டில் கோத்து, பிடித்த ஆழத்துக்கு இறக்கி, வெடுக்கென்று ஒரு இழுப்பு. கொக்கி கழன்றுவிடும்.

பீகாக் பாஸ் தென் அமெரிக்காவிலிருந்து வந்த மீன். நம் சொந்த மீன்களைத் தின்றே பெருகுகிறது. அதற்காக இவ்வளவு சிரமப்படத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. ஆனால் உயிரோடு தூக்கிப்போய் வேறு குட்டையில் விடுவது கூடவே கூடாது. சமைப்பதானால், பழைய ஈயக்குட்டை நீரில் ஆர்செனிக் போன்றவை இருக்கக்கூடும் என்பதால் அடிக்கடி வேண்டாம்.

கேள்வி: பினாங்கு நீரிணையில் சம்பான் எடுத்து உயிர் இறாலில் சியாக்காப் போடுகிறோம். பௌர்ணமியில் மீன் நிறைய ஓடும் என்றார்கள். ஈயம் தரையில் நிற்கவே இல்லை, இரண்டு கம்பும் சிக்கிக்கொண்டதுதான் மிச்சம்.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் மிகக் கடுமை. கரையோரத்துக்கும் ஆற்றுவாய்க்கும் அது நல்ல காலம், ஆழமான ஓடைக்கு அல்ல. ஆழத்தில் போட அரைநிலாவை ஒட்டிய நாட்களைத் தேர்ந்தெடுங்கள். அன்றும் ஏற்றம் முடிந்து திரும்பும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னும் பின்னும்தான் வேலை. சியாக்காப் ஓட்டத்தை எதிர்த்து நிற்காது. பாறை, மூழ்கிய கட்டை போன்றவற்றின் பின்னால், ஓட்டம் அடங்கிய நிழலில், தரையை ஒட்டிக் காத்திருக்கும். ஆகவே படகை அந்த இடத்துக்கு நீரோட்டம் வரும் பக்கத்தில் நங்கூரமிட்டு, இறாலை ஓட்டத்தோடு மிதக்கவிட வேண்டும்.

ஓடும் ஈயம் போடுங்கள்: முதன்மைத் தங்கூசியில் ஈயம், ஒரு பாசிமணி, சுவிவல் (முறுக்கு விழாமல் சுழலும் இணைப்பு), அதன்பின் 50 பவுண்டு லீடர் 70 சென்டிமீட்டர், 4/0 வட்டக் கொக்கி. 60 கிராமில் தொடங்கி ஏற்றுங்கள். கம்பைத் தூக்கினால் நகர்ந்து, தாழ்த்தினால் நிற்கும் எடையே சரி. இறாலின் தலைக்கொம்புக்கு அடியில், உள்ளே தெரியும் கறுப்புப் புள்ளியைத் தொடாமல் குத்துங்கள். புள்ளியில் பட்டால் அக்கணமே செத்துவிடும். குறுக்கே குத்தினால் ஓட்டத்தில் சுழன்று லீடரை முறுக்கும்.

வட்டக் கொக்கியில் வெட்டி இழுக்கக் கூடாது. கம்பு தானாக வளையட்டும், பிறகு சுற்றுங்கள். தூக்கும்போது செவுள் மூடியில் கைவைக்காதீர்கள், அதன் விளிம்பு பிளேடு. சியாக்காப் ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் மீன். எனவே 80 சென்டிமீட்டருக்குமேல் வருவது பெரும்பாலும் முட்டையிடும் பெண். அதைப் படம் எடுத்து விட்டுவிடுங்கள், கறிக்கு 2 கிலோ மீனே ருசி.

கேள்வி: வீசி எறியும் சோனார் (ஒலியால் ஆழத்தையும் மீனையும் காட்டும் கருவி) வாங்கலாமா?
– வாசகர், செந்தூல்

பதில்: நிறம் மாறும் பிரெய்டும் 20 கிராம் ஈயமும் வைத்து உங்கள் குட்டையின் விளிம்பை வரைந்து முடித்தபின் வாங்குங்கள். சோனாரின் உணர்திறனைக் கூட்டினால் நடுநீரில் மங்கலாக ஒரு பட்டை தெரியும். சூடான நீரும் குளிர்ந்த நீரும் பிரியும் இடம் அது. அதற்குக் கீழே காட்டும் ‘மீன்’ அடையாளங்களைப் பெரும்பாலும் நம்ப வேண்டாம், சேற்றிலிருந்து கிளம்பும் குமிழிகளும் அப்படித்தான் தெரியும்.