ஒன்பதாம் வகுப்பிலேயே ஒரே துறையா?

தம்பி, அமெரிக்கா வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, மகள் ஒன்பதாவது படிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். கல்லூரி அட்மிஷனுக்காக இப்போதே ஒரே துறையில் இறக்கிவிடுவதா, நாலையும் தொட்டுப் பார்க்க விடுவதா என்பது உங்கள் கேள்வி. பத்தாவது முடியும்வரை தொட்டுப் பார்க்கட்டும்.

ஆனால் எங்கள் வீட்டில் செய்தது போல வேண்டாம். பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில், பாடத்துக்கு வெளியே செய்யும் செயல்பாடுகளுக்குப் பத்து கட்டம் உண்டு என்று தெரிந்ததும், பத்தையும் நிரப்பப் பையனை விரட்டினோம். செஸ், வயலின், ரோபாட்டிக்ஸ், விவாதக் குழு எதையும் விடவில்லை. பன்னிரண்டாவதில் எழுத உட்கார்ந்தான். ஒவ்வொன்றையும் விவரிக்க இடைவெளி உட்பட 150 எழுத்துதான். வயலினுக்கு அந்த 150கூட நிரம்பவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கு நெஞ்சு கனத்துப்போனது. பள்ளி நாடகத்துக்கு விளக்கு அமைத்ததை மட்டும் இடம் போதாமல் வெட்டி வெட்டி எழுதினான். நண்பனுக்கு ஒத்தாசையாகப் போய் ஒட்டிக்கொண்ட வேலை அது, எங்கள் பட்டியலிலேயே இல்லாதது. எம்ஐடி தன் விண்ணப்பத்தில் நாலே நாலு செயல்பாடுகளைத்தான் கேட்கிறது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

பதினொன்றாவதில் ஏபி பாடங்கள், அதாவது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள், ஏறும்போது நேரம் தானாகச் சுருங்கும். அப்போது எதை விட மாட்டேன் என்கிறாளோ, அதில் ஆழமாகப் போகட்டும்.

மேஜரை, அதாவது பட்டத்தின் முதன்மைப் பாடத்தை, கல்லூரி இரண்டாம் ஆண்டு முடிவில் சொன்னால் போதும் என்கிற கல்லூரிகள் நிறைய உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஜினியரிங் கொஞ்சம் வேறு. பல பெரிய பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிக்கும்போதே சொல்லிவிட வேண்டும், உள்ளே போய் மாறுவது கடினம்.

கணக்குதான் காத்திருக்காது. இங்கே வழக்கமான வரிசை அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ். வருடத்துக்கு ஒன்று. ஒன்பதாவதில் அல்ஜீப்ரா 1 என்றால், கோடையிலோ ஒரே வருடத்தில் இரண்டாகவோ ஒன்றைச் சேர்த்துப் படிக்காமல் பன்னிரண்டாவதுக்குள் கால்குலஸ் வராது. நாளைக்கு அவளே இன்ஜினியரிங் வேண்டும் என்றால் அங்கே இடிக்கும். நம் ஊர் மதிப்பெண் பட்டியல் இங்கே உடனே புரியாது, அதனால் தெரிந்த பாடத்திலேயே மறுபடி உட்காரவைத்துவிடலாம். இந்த வாரமே, பாடம் தேர்வதற்கு உதவும் பள்ளிக் கவுன்சிலரைப் பாருங்கள். எந்தக் கணக்கில் போட்டிருக்கிறார்கள், மேலே போக, எந்த நிலையில் சேர்ப்பது என்று பார்க்கும் பிளேஸ்மென்ட் தேர்வு உண்டா என்று கேளுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவளே பேசட்டும்.