கறுப்புக் கொடிக்கும் சிவப்புக் கொடிக்கும் என்ன தகராறு?

சென்ற மாத வாசகர் வட்டத்தில், சிவப்புக் கொடி பிடித்த மார்க்சியமும், அரசே வேண்டாம் என்று கறுப்புக் கொடி பிடித்த அரசின்மைவாதமும் (அனார்க்கிசம்) கூடிப் பிரிந்த கதையைச் சொல்லி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. மிஞ்சிய கேள்விகளைத் துண்டுச் சீட்டுகளில் தந்துவிட்டுப் போனீர்கள். சிலவற்றை மழை நனைத்துவிட்டது. வாசிக்க முடிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி: அராஜகம் என்றால் கலவரம், கொள்ளை என்றுதானே பத்திரிகையில் படிக்கிறோம்?

அதனால்தான் நான் அந்தச் சொல்லைப் பாவிப்பதில்லை. அராஜகம் என்பதற்கு அரசன் இல்லாத நிலை என்றுதான் பொருள். அரசன் இல்லாவிட்டால் பெரிய மீன் சின்ன மீனை விழுங்கிவிடும் என்று நம் முன்னோர் பயந்தார்கள். அந்தப் பயம் சொல்லில் ஒட்டிக்கொண்டது. ஐரோப்பாவிலும் அது வசைச்சொல்தான். அச்சுக்கோக்கும் தொழில் செய்த பிரெஞ்சுக்காரர் புருதோன், 1840இல் சொத்தைப் பற்றி எழுதிய நூலில், ஆம், நான் அரசின்மைவாதிதான் என்று துணிந்து எழுதினார். அவர் கேட்டது அதிகாரம் இல்லாத ஒழுங்கு.

தம்பலகாமம் ஆசிரியை: மார்க்ஸ் தொடக்கத்திலிருந்தே அவர்களுக்கு எதிரியா?

இல்லை அம்மா. பாரிசில் மார்க்சும் புருதோனும் விடிய விடியக் கதைத்தவர்கள். 1845இல் வெளிவந்த நூலில் மார்க்ஸ் அவரைப் புகழ்ந்தும் இருக்கிறார். 1846 மே மாதம் மார்க்ஸ் கூட்டுக் கடிதத் தொடர்புக்கு அழைத்தபோது, பழைய மதங்களை இடித்துவிட்டு நாமே புதிய மதத்துக்குத் தலைவர்களாகிவிடக் கூடாது என்ற கருத்தில் புருதோன் பதில் போட்டார். மார்க்சுக்கு அது உறைத்திருக்க வேண்டும். புருதோன் 'வறுமையின் தத்துவம்' எழுத, அடுத்த ஆண்டே மார்க்ஸ் 'தத்துவத்தின் வறுமை' எழுதினார்.

மூதூர் வாசகர்: பக்கூனினை ஏன் வெளியேற்றினார்கள்?

அதிகக் கேள்விகள் இதைப் பற்றித்தான். முதலாம் அகிலம் என்பது 1864இல் லண்டனில் தொடங்கிய, மார்க்ஸ் முன்னணியில் நின்ற பன்னாட்டுத் தொழிலாளர் சங்கம். ரஷ்ய அரசின்மைவாதியான பக்கூனின் அதில் 1868இல் சேர்ந்தார். மார்க்சின் 'மூலதனம்' நூலை மதித்தார். ரஷ்ய மொழியில் பெயர்க்கவும் ஒப்புக்கொண்டு 300 ரூபிள் முற்பணம் வாங்கினார். மொழிபெயர்ப்பு முடியவில்லை. அவருடைய சீடன் நெச்சாயெவ், பதிப்பாளர் தரப்புக்கு, பணத்தைத் திருப்பிக் கேட்காதே என்று மிரட்டிக் கடிதம் அனுப்பினான். 1872 செப்டம்பரில் ஹேக் மாநாட்டில் அந்தக் கடிதமும் குற்றச்சாட்டாகக் கொண்டுவரப்பட்டது. பக்கூனின் அங்கே இல்லை. அவரையும் அவருடைய கூட்டாளி கியோமையும் அகிலத்திலிருந்து நீக்கினார்கள். தலைமைக் குழுவை நியூயோர்க்குக்கு மாற்றினார்கள். 1876இல் அது கலைந்தும் போனது.

அகிலத்துக்குள் இரகசியச் சங்கம் நடத்தினார் என்ற குற்றச்சாட்டு வெறும் கட்டுக்கதை அல்ல. அதிகாரமே வேண்டாம் என்றவருக்கு இரகசியக் குழு எதற்கு? யூதர்களைப் பற்றி அவர் எழுதியவை படிக்கவே கூசுகின்றன. ஆனால் முற்பணக் கணக்கை வைத்துக் கொள்கைச் சண்டையைத் தீர்த்தது அழகான வேலை அல்ல.

உண்மையான சண்டை அரசைப் பற்றியது. வர்க்கங்கள் ஒழிந்த பிறகு அரசு தேவைப்படாது என்பதில் மார்க்ஸ், பக்கூனின் இருவருக்கும் வேறுபாடு இல்லை. இடைக்காலத்தில் தொழிலாளர் கையில் அரசு இருக்கலாமா என்பதுதான் கேள்வி. ஆட்சியில் ஏறிய தொழிலாளி தொழிலாளியாக இருக்கமாட்டான், மேலிருந்துதான் மற்றவர்களைப் பார்ப்பான் என்று பக்கூனின் 1873இல் எழுதினார். மார்க்ஸ் அந்த நூலை வாசித்து எழுதிவைத்த குறிப்பு சுவையானது: நகரசபை உறுப்பினரானதும் ஆலை முதலாளி முதலாளியாக இல்லாமல் போகிறானா என்ன? நம்மூர் வாசகர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

திருக்கடலூர், கடற்றொழிலாளி: நடுக்கடலில் ஆளாளுக்கு ஒரு கட்டளை போட்டால் படகு கரை சேருமா?

அண்ணன், மார்க்சின் தோழர் எங்கெல்சும் இதையேதான் கேட்டார். அதிகாரத்தைப் பற்றிய அவருடைய சிறு கட்டுரையில் நடுக்கடல் கப்பல்தான் உதாரணம். பக்கூனினின் பதில் வேறொரு நூலில் கிடக்கிறது: சப்பாத்து விஷயத்தில் சப்பாத்துத் தைப்பவர் சொல்வதைக் கேட்பேன், ஆனால் யாரும் என்மீது அதிகாரத்தைத் திணிக்க விடமாட்டேன். கரைவலை இழுக்கும்போது மண்டாடியின் சொல்லுக்குக் கட்டுப்படுகிறீர்கள். வலை கரையேறிய பின்னும் அவர் உங்கள் வீட்டில் வந்து கட்டளை போட்டால் விடுவீர்களா?

சீனக்குடாவிலிருந்து: ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு?

துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த நமக்குக் குரோன்ஸ்டாட் எளிதில் புரியும். அது பெத்ரோகிராத்துக்கு (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) வெளியே தீவில் இருந்த கடற்படைத் தளம். 1917இல் அந்த மாலுமிகள் புரட்சியின் பெருமை. 1921 மார்ச்சில் அவர்களே போல்ஷெவிக் அரசுக்கு எதிராக எழுந்து, சோவியத்துகள் என்ற மக்கள் சபைகளுக்கு இரகசிய வாக்கெடுப்பில் புதிய தேர்தல் வேண்டும், தொழிலாளருக்கும் விவசாயிகளுக்கும் பேச்சுரிமை வேண்டும் என்றார்கள். எல்லோரும் அரசின்மைவாதிகள் அல்லர், சும்மா மாலுமிகள்தான். கடல் உறைந்திருந்தது. வெள்ளை மேலாடை போர்த்திய செஞ்சேனை (அரசுப் படை) வீரர்கள் பனிக்கட்டிமேல் நடந்துபோய்த் தாக்கினார்கள். மார்ச் 18இல் எல்லாம் அடங்கியது. பாரிஸ் கம்யூன் என்ற தொழிலாளர் ஆட்சி எழுந்து சரியாக 50 ஆண்டு நிறைந்த நாள் அது.

ஸ்பெயினைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே உள்நாட்டுப் போர் நடந்தபோது, 1936 நவம்பரில் அரசை மறுத்தவர்களிலேயே நால்வர் அமைச்சர்கள் ஆனார்கள். 1937 மேயில் பார்சலோனாத் தெருக்களில் இடதுசாரிகளே ஒருவரையொருவர் சுட்டார்கள். அது தனிக் கூட்டத்துக்குரிய விஷயம்.

கிண்ணியா மாணவர்: தமிழர் யாராவது?

எம்.பி.டி. ஆச்சாரியா. 1887இல் சென்னையில் பிறந்தவர். பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகையோடு தொடர்புள்ளவர். 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அக்கட்சியை அவரோடு தொடங்கிய எம்.என். ராயோடு முரண்பட்டுப் பிரிந்து, பின்பு அரசின்மைவாதியாகி, 1954இல் பம்பாயில் இறந்தார். இவர் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

பெயர் போடாத சீட்டு: நீங்கள் எந்தப் பக்கம்?

இளவயதில் ஓர் இடதுசாரிக் கட்சியின் கிளையில் இருந்தேன். ஒரு தேர்தலில் வேட்பாளரை யார் தெரிவு செய்தது என்று கேட்டேன். மேலிடம் தீர்மானித்துவிட்டது தோழர், தேநீர் ஆறுகிறது, குடியுங்கள் என்றார்கள். குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பக்கூனினை முதன்முதலாகக் கையில் எடுத்தது அந்த இரவில்தான். மார்க்சின் நூல்களையும் பழைய பேப்பர்க்காரருக்குப் போடவில்லை. இரண்டும் ஒரே அலுமாரியில்தான் இருக்கின்றன.