மறுமொழி: சிலப்பதிகாரம் பத்து வரி தாண்டல

சிலப்பதிகாரம் படிக்க உட்கார்ந்தா பத்து வரிகூடத் தாண்ட முடியலன்னு கேட்டிருந்தீங்க. அத இப்ப மூடி வைங்க, முதல்ல குறுந்தொகை எடுங்க, சங்ககாலக் குட்டிப் பாட்டுங்களோட தொகுப்பு அது. பெரும்பாலும் 4லருந்து 8 வரிதான், ஷிஃப்ட் முடிஞ்சு வந்துகூட ஒண்ணு படிச்சிடலாம்.

தமிழ்ப்பள்ளியில படிச்சும் புரியலன்னு எழுதியிருக்கீங்க, உங்க தமிழ்ல குறை இருக்காது, கையில இருக்கறது சந்தி பிரிக்காத பதிப்பா இருக்கும், சொல்லெல்லாம் ஒட்டிக்கிட்டு நின்னா யாருக்கும் தலை சுத்தும்.

உங்களுக்குப் புரியுதான்னு செக் பண்ண குறுந்தொகை 40ஆவது பாட்ட சத்தமா ரெண்டு தரம் படிங்க. செம்மண்ணுல விழுந்த மழைத்தண்ணி மாதிரி மனசு ரெண்டும் கலந்துச்சுன்னு வரும், மலேசியாவுல சுங்கை சிப்புட் தோட்டத்து மண்ரோட்டுல மழை பாத்தவங்களுக்கு அந்த வரிக்கு உரையே வேணாம்லா. எழுதினவர் பேர் தெரியாம, பாட்டுல வர்ற 'செம்புலப் பெயல் நீர்'ங்கற அந்த உவமையை வச்சே அவருக்கு செம்புலப்பெயனீரார்னு பேர் வச்சிட்டாங்க, எனக்கு அதுவே ரொம்பப் பிடிக்கும்.

ஆனா எல்லாம் இப்படி லேசா இருக்காது, சிலதுக்கு 1937ல வந்த உ.வே.சா. உரை பக்கத்துல வேணும்.