480 வெள்ளி கொடுத்தால் கூகுளில் முதல் பக்கமா?

கேள்வி: சிங்கப்பூர் தேக்கா பக்கம் பூஜைச் சாமான், மாலை விற்கும் சின்னக் கடை எங்களுடையது. அக்கா மகன் தேசிய சேவைக்குப் போகுமுன் 2013ல் ஒரு வெப்சைட் செய்து கொடுத்தான், இன்னும் அதுதான் ஓடுகிறது. போன வாரம் ஒருவர் போன் செய்து, "உங்கள் முகவரி இன்னும் எச்டிடிபி-யிலேயே இருக்கிறது, அதனால்தான் தேடலில் பின்னால் போய்விட்டீர்கள், வருடம் 480 வெள்ளிக்குப் பிரீமியம் எஸ்எஸ்எல் போட்டால் முதல் பக்கம் கேரண்டி" என்றார். போடலாமா?

பதில்: எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறுங்கள். 480 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். எச்டிடிபி முகவரியில் தட்டுவது மறைக்கப்படாமல் போகும், எச்டிடிபிஎஸ் முகவரியில் மறைத்து அனுப்பப்படும். அதற்கு வேண்டிய சான்றிதழைத்தான் அவர் எஸ்எஸ்எல் என்றார்.

அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதை வைத்துத்தான் மீதியை விற்கிறார். பாதுகாப்பான முகவரியையும் தர வரிசைக்குக் கணக்கில் எடுப்போம் என்று கூகுள் 2014 ஆகஸ்டில் அறிவித்தது. ஆனால் அது ரொம்ப லேசான கணக்கு, உலகத் தேடல்களில் 1 விழுக்காட்டுக்கும் குறைவானவற்றைத்தான் தொடும் என்றும் அப்போதே சொல்லிவிட்டது. மாலை விலையும் கடை திறக்கும் நேரமும் இல்லாத பக்கத்தை எஸ்எஸ்எல் தூக்கி நிறுத்தாது. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது, கேரண்டி என்ற சொல்லைக் கேட்டதுமே போனை வைத்திருக்கலாம்.

உங்களுக்கு நிஜமான நஷ்டம் வேறு இடத்தில். 2018 ஜூலையிலிருந்து கூகுளின் குரோம் பிரவுசர் எல்லா எச்டிடிபி பக்கங்களுக்கும் 'நாட் செக்யூர்' என்று போடுகிறது. ஒருவர் கல்யாண மாலைக்கு ஆர்டர் கொடுக்க வருகிறார், பெயர், போன் நம்பர், புளோக் நம்பர் எல்லாம் தட்டும்போது மேலே அந்த இரண்டு வார்த்தை தெரிந்தால் பாதியிலேயே மூடிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அவர் பயப்படுவதும் நியாயம்தான், எச்டிடிபி-யில் தட்டுவதை நடுவில் இருப்பவர் படிக்க முடியும்.

சான்றிதழுக்குக் காசே வேண்டாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு இலவசமாகக் கொடுக்கிறது, பெரும்பாலான ஹோஸ்டிங்கில் (வெப்சைட்டை வைத்து நடத்தும் சேவை) ஒரு பட்டனை அமுக்கினால் போதும். விலை கூடிய சான்றிதழ் வாங்கினால் கூகுள் கூடுதல் மார்க் போடுவதில்லை. நிறுவனப் பெயரை முகவரிப் பட்டையில் காட்டும் பழைய பெருமையையும் குரோம் 2019ல் எடுத்துவிட்டது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சான்றிதழ் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி வைக்க வேண்டும். காலாவதியானால் திரை முழுக்க எச்சரிக்கை வரும், அதற்குப் பழைய எச்டிடிபி-யே தேவலை.

வேலை எல்லாம் மாற்றுவதில்தான். கூகுளுக்கு எச்டிடிபி ஒரு முகவரி, எச்டிடிபிஎஸ் இன்னொரு முகவரி. அதனால் பழைய பக்கம் ஒவ்வொன்றையும் அதனதன் புதிய பக்கத்துக்கு 301 என்ற நிரந்தரத் திருப்பலில் அனுப்பச் சொல்லுங்கள். சிலர் சோம்பேறித்தனமாக எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடுவார்கள், இத்தனை வருடம் தேடலில் சேர்த்த பெயர் அங்கேதான் தொலையும். முடிந்ததும் முகவரியை எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், இரண்டையும் டபிள்யூடபிள்யூடபிள்யூ வைத்தும் வைக்காமலும், ஆக நான்கு விதமாகத் தட்டிப் பாருங்கள். நான்கும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். படங்கள் பழைய முகவரியிலிருந்து வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் வெப்சைட் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் கொடுக்கும் சர்ச் கன்சோலில் புதிய முகவரியைச் சேர்த்துவிட்டால் சரி, சில வாரம் வரிசை ஏறி இறங்கும், பதறாதீர்கள். இதற்கு ஒருவருக்கு ஒரு தடவை கூலி கொடுப்பது நியாயம், வருடா வருடம் கொடுப்பது வீண். அக்கா மகனுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தாலும் செய்வான்.

கேள்வி: முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் அந்தக் கடையில் நம்பி வாங்கலாமா? (ஈசூன் வாசகி)

பதில்: கூடாது. வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதற்குத்தான் பூட்டு. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யோக்கியரா என்பதற்கு இல்லை. மோசடிக்காரருக்கும் அதே இலவசச் சான்றிதழ் கிடைக்கும். மக்கள் இப்படித் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்றுதான் குரோமும் 2023ல் பூட்டை எடுத்துவிட்டு வேறு படம் வைத்தது. பேநவ்-இல் பணம் அனுப்புமுன் சந்தேகம் வந்தால் 1799க்கு அழைத்துக் கேளுங்கள், ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண் அது.