பழைய டட்சன் பிக்கப்புக்கு டிஸ்க் பிரேக் போடலாமா?

உங்கள் அப்பா வைத்திருந்த 1976 டட்சன் 620, நான்கு சக்கரத்திலும் ட்ரம் பிரேக், முன்னால் டிஸ்க் போடலாமா, எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம். எங்கள் அப்பாவின் 620இலும் நான் போட்டிருக்கிறேன். ட்ரம் என்றால் சக்கரத்தோடு சுற்றும் கிண்ணத்துக்குள் ஷூ விரிந்து பிடிப்பது, டிஸ்க் என்றால் சுற்றும் தட்டை இரண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடிப்பது. ஆனால் டிஸ்க்கை முதலில் வாங்காதீர்கள். பிரேக் பம்பிலிருந்து, அதாவது மிதித்ததும் சக்கரங்களுக்கு ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து, ஆரம்பியுங்கள்.

நீங்கள் கோலாலம்பூர் பக்கம் வேலையில் இருப்பீர்கள், வண்டி ஊரில் கித்தான் போர்த்தி நிற்கும், தீபாவளிக்கு வந்தபோது ஓட்டிப் பார்த்துப் பயந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் ஊர் பேராக்கில் கேமரன் மலை அடிவாரத்துத் தாப்பா. சுற்றிலும் செம்பனை, அப்பா காலத்தில் பால்மரம், அதாவது ரப்பர். அப்பாவுக்கு மளிகைக் கடை. சம்பள நாள் என்றால் அரிசி, பருப்பு, கருவாடு எல்லாவற்றையும் 620இன் முதுகில் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். செம்மண் பாதையில் யார் பறக்கப் போகிறார்கள்? அதற்கு ட்ரம் தாராளம். மழை நாளில் மட்டும் தொல்லை. பாதையில் ஓடும் தண்ணீரைத் தாண்டியதும் ட்ரம்முக்குள் ஈரம் புகுந்துவிடும், ஷூ பிடிக்காது. அப்பா பிரேக்கை இலேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் உருட்டிக் காயவைப்பார்.

எனக்கு வினை கேமரன் மலை ரோட்டில் வந்தது. கோயில் திருவிழாவுக்குப் பூவும் கோசும் ஏற்றிக்கொண்டு மலைமேல் ரிங்லெட்டிலிருந்து இறங்கினேன். இரண்டாம் கியரில்தான் இறங்கினேன், இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கியரில் இறங்கத் தெரியாதா என்று கீழே ஒருவர் எழுதுவார். லாத்தா இஸ்கந்தர் அருவி நெருங்கும்போது மிதி கொஞ்சம் தாழ்ந்தது. ஆனால் கெட்டியாகத்தான் இருந்தது. எவ்வளவு அழுத்தியும் வண்டிதான் அடங்கவில்லை. ட்ரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது, ஷூவின் மேல் ஒட்டிய லைனிங்கும் பிடிப்பை விடுகிறது. ஓரம் கட்டி ஆறவிட்ட பிறகு பழையபடி பிடித்தது. ஒரே ஒரு தடவை நிறுத்த நல்ல ட்ரம்மும் போதும். திரும்பத் திரும்ப மிதிக்கும் மலை ரோட்டிலும் தண்ணீரிலும்தான் டிஸ்க் ஜெயிக்கும். ‘ட்ரம்மே போதும், ஒரிஜினலைக் கெடுக்காதே’ என்று சொல்பவர்கள் சுமையோடு ஒரு தரம் அந்த மலை இறங்கிவிட்டு வந்து சொல்லட்டும்.

ஊருக்கு வெளியே ஒரு பட்டறை, பேர் வேண்டாம். ஹாஃப்கட் கடையில், அதாவது பழைய வண்டிகளை வெட்டி விற்கும் கடையில், சாமான் வாங்கி முன்னால் டிஸ்க், பேட்டை அழுத்தும் கலிப்பர் எல்லாம் மாட்டிக் கொடுத்தார்கள். முதல் வாரம் அருமையாகப் பிடித்தது. அப்புறம் முன் ரிம்மில் கை வைக்க முடியாத சூடு, கருகல் நாற்றம், நியூட்ரலில் போட்டுத் தள்ளினாலும் நகராத வண்டி. கேட்டதற்கு, புது பேட், தேய்ந்தால் சரியாகிவிடும் என்றார்கள்.

எங்கள் வீட்டு வரிசையில் ஒரு மாமா இருக்கிறார். தோட்டத்து வொர்க்ஷாப்பில் டிராக்டர், லோரி பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கொண்டுபோனேன்.

“பம்ப் மாத்துனாங்களா?”

“இல்ல மாமா, பழைய பம்ப்தான்.”

“அப்புறம் எப்படிடா விடும்?”

பம்பில் முன் சக்கரத்துக்குப் போகும் பைப்பைக் கழற்றினார். அந்த நட்டுக்குப் பின்னால் வளைந்த கம்பியை விட்டு நோண்டி, ஒரு ஸ்ப்ரிங்கையும் சுண்டுவிரல் நகத்தளவு ரப்பர் வால்வு ஒன்றையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கால் எடுத்த பிறகும் பைப்பில் கொஞ்சம் அழுத்தத்தைத் தங்கவைக்கிற வால்வு அது. சுமார் 10 பிஎஸ்ஐ இருக்கும். ட்ரம்முக்கு அது வேண்டும், சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் பம்பின் ரப்பர் கிண்ணம் கசியாமல் அதுதான் காக்கிறது. ஷூவைத் திருப்பி இழுக்க வலுவான ஸ்ப்ரிங்குகள் உள்ளே இருப்பதால் அந்த அழுத்தத்தால் ஷூ உரசாது. டிஸ்க்கில் அப்படி ஸ்ப்ரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் முடியளவு பின்வாங்குவதுதான் விடுதலை. அதனால் பேட் அழுந்தியே கிடந்திருக்கிறது.

வால்வை எடுத்தால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். கலிப்பர் பிஸ்டன் பெரிது, அதிக ஆயில் கேட்கும், சின்ன பம்பால் தள்ள முடியாது. ட்ரம்மில் சக்கரம் சுற்றும் வேகமே ஷூவை உள்ளே இழுத்து அழுத்தும். டிஸ்க்குக்கு அந்தக் குணம் இல்லை, முழுப் பாரமும் உங்கள் காலுக்கு வரும், ஆகவே மிதிக்கு வலு சேர்க்கும் சர்வோ வேண்டும். முன் டிஸ்க், பின் ட்ரம் என்று தயாரிப்பிலேயே வந்த வண்டியின் பம்பையும் சர்வோவையும் ஜோடியாக வாங்குங்கள். முன் சாமானும் அப்படியே: சக்கரத்தைத் தாங்கும் நக்கிள், ஹப், பிறகு டிஸ்க், கலிப்பர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து செட்டாக. 620இலேயே கடைசி மாடல்கள் சில நாடுகளில் முன் டிஸ்க்கோடு வந்தன, அது அகப்பட்டால் அதிர்ஷ்டம்.

பின்பக்கத்தை மறந்துவிடுவார்கள். காலி பிக்கப்பின் வால் இலேசு. பின் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு இல்லையென்றால், ஈர ரோட்டில் சட்டென்று மிதிக்கும்போது பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வால் முன்னே வரும். நான் அதற்கு ஒரு வால்வு போட்டு, மழை விட்டதும் காலித் திடலில் மிதித்து மிதித்துச் சரிசெய்தேன்.

பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருக்கும், உள்ளே உப்பி அடைத்திருக்கும். யோசிக்காமல் மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் குடித்ததும் அது 140. டாட் 4 என்றால் 230, பின் 155. நம் ஊர் ஈரத்துக்கு டாட் 4தான். கொதித்துவிட்டால் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். பழைய ஷூவில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ட்ரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியை ஊதாதீர்கள்.

செலவு எனக்கு 2,500 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டியது, மாமா கூலி வாங்காமலே. அன்றைக்குக் கோசு ஏற்றியது கோயிலுக்குத்தான் என்றேன் அல்லவா. வருஷா வருஷம் தண்ணீர்ப் பந்தல் சாமான், நாற்காலி, ஜெனரேட்டர் எல்லாம் இந்த வண்டியில்தான் போகிறது. பெட்ரோல் ஊற்றுவது நான். நன்கொடைப் பலகையில் ஒரு பை அரிசி கொடுத்தவர் பெயரெல்லாம் இருக்கிறது, அப்பா பெயர் இல்லை. கமிட்டியில் கேட்டால் ‘வண்டி கொடுத்ததெல்லாம் கணக்குல வராதுண்ணே’ என்கிறார்கள். பணமாகக் கொடுத்தால்தான் அம்மன் ஏற்றுக்கொள்வாளா? சரி, அது உங்கள் கேள்வி இல்லை.

வண்டியின் அமைப்பை மாற்றும்முன் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) கேட்டுக்கொள்ளுங்கள், இன்சூரன்ஸுக்கும் தெரிவியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்கவில்லையே என்று இருக்காதீர்கள், மோதிய பிறகு இன்சூரன்ஸ்காரர் கேட்பார். இன்னொன்று, பழைய ரிம்முக்குள் கலிப்பர் இடிக்கிறதா என்று பணம் கொடுக்கும்முன் மாட்டிப் பாருங்கள். இடித்தால் பெரிய ரிம் வாங்க வேண்டிவரும், அதைச் சாக்காக வைத்து உங்கள் மகன் ஸ்போர்ட் ரிம் கேட்பான். என் மகன் கேட்டான்.