ஷாங்ரி-லாவில் என்னதான் நடக்கிறது?

கேள்வி: ஆண்டுதோறும் சிங்கப்பூரில் ஒரு நட்சத்திர ஓட்டலில் பாதுகாப்பு அமைச்சர்களும் தளபதிகளும் கூடி, 'ஷாங்ரி-லா மாநாடு' என்ற பெயரில் மூன்று நாள் பேசிக் கலைகிறார்கள். அதை நடத்துவது லண்டனில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனம். செலவில் ஒரு பங்கை ஆயுதக் கம்பெனிகள் ஏற்கின்றன. இந்தக் கூட்டம் இதுவரை ஒரு போரையாவது தடுத்திருக்கிறதா? நம்மவர்கள் எதற்காக வரிப்பணத்தில் அங்கே போய் வருகிறார்கள்?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: ஒரு போரைக்கூடத் தடுத்ததில்லை. தடுத்ததாக அதை நடத்துபவர்களும் சொல்லிக்கொள்வதில்லை. அங்கே தீர்மானம் நிறைவேற்றுவதில்லை, கூட்டறிக்கை வெளியிடுவதில்லை, யாரும் எதிலும் கையெழுத்திட வேண்டியதும் இல்லை. ஐ.நா. பாதுகாப்பு அவையிடம் கேட்க வேண்டிய கணக்கை ஓர் ஆய்வு நிறுவனத்திடம் கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னும் கூர்மையான கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது: ஆசியாவின் பாதுகாப்பைப் பேச லண்டன் நிறுவனம் எதற்கு?

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் 1994-இல் தொடங்கிய ஆசியான் பிராந்திய மன்றம் வெளியுறவு அமைச்சர்களுக்கானது. படைகளைக் கையில் வைத்திருந்த பாதுகாப்பு அமைச்சர்கள் ஒரே இடத்தில் அமர்வதற்கென்று ஆசியாவில் ஓர் ஏற்பாடு இல்லாமலே இருந்தது. சீனா அழைத்தால் ஜப்பானுக்குச் சந்தேகம். அமெரிக்கா அழைத்தால் சீனாவுக்குச் சந்தேகம். ஆசியானோ எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் எதையும் செய்யும். இந்த இடைவெளியில்தான், 1958-இல் லண்டனில் தொடங்கப்பட்ட பன்னாட்டு உத்திசார் ஆய்வு நிறுவனம் சிங்கப்பூர் அரசின் துணையோடு 2002-இல் ஷாங்ரி-லா ஓட்டலில் முதல் கூட்டத்தைக் கூட்டியது. அழைப்பவர் ஓர் அரசாக இல்லாததால், வருகிறவர் யாருக்கும் தலைவணங்கியதாக ஆகாது. வராதவர் யாரையும் அவமதித்ததாகவும் ஆகாது. ஆசியானின் பாதுகாப்பு அமைச்சர்கள் தங்களுக்கென ஒரு கூட்டத்தை 2006-இல்தான் தொடங்கினார்கள். அமெரிக்கா, சீனா, இந்தியா உள்ளிட்ட எட்டு நாடுகளைச் சேர்த்துக்கொண்ட விரிந்த கூட்டம் 2010-இல் ஹனோயில்தான் முதன்முதலில் நடந்தது. லண்டன்காரர்கள் வந்து நாற்காலி போடும் வரை ஆசியா காத்திருந்தது என்பது ஆசியாவுக்குப் பெருமை சேர்க்கும் செய்தி அல்ல. ஆனால் அந்தக் குறைக்கு நாற்காலி போட்டவரைக் குற்றம் சொல்ல முடியாது.

பேசிக் கலைவதோடு சரியா என்றால், முழுக்க அப்படியும் இல்லை. 2004-இல் அமெரிக்காவின் பசிபிக் கட்டளைத் தளபதி, மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் இடையே கடற்கொள்ளையர் அச்சம் இருந்த மலாக்கா நீரிணையின் பாதுகாப்புக்குத் தம் நாட்டுப் படையினரே அதிவேகப் படகுகளில் வரக்கூடும் என்று பொருள்படப் பேசப்போக, மலேசியாவும் இந்தோனேசியாவும் கொதித்தெழுந்தன. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், லண்டன் காப்பீட்டுச் சந்தையின் கூட்டுப் போர்க் குழு அந்த நீரிணையைப் போர் அபாயப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. கப்பல் முதலாளிகள் கூடுதல் பிரீமியத்துக்கு அஞ்ச வேண்டிய நிலை வந்தது. அதே ஜூன் மாதத்து ஷாங்ரி-லா மேடையில்தான் மலேசியாவின் அப்போதைய துணைப் பிரதமரும் பாதுகாப்பு அமைச்சருமான நஜீப் ரசாக், கரையோர நாடுகளே சேர்ந்து வான்வழிக் கண்காணிப்பு நடத்தலாம் என்ற யோசனையை முன்வைத்தார். செப்டம்பரில் விமானங்கள் பறக்கத் தொடங்கிவிட்டன. ஒரு நாட்டின் விமானத்தில் மற்ற நாடுகளின் அதிகாரிகளும் உடன் ஏறிச் செல்வது என்பது ஏற்பாடு. இறையாண்மை என்ற சொல்லைக் கேட்டாலே சிலிர்த்துக்கொள்ளும் அண்டை நாடுகளுக்கு இது எளிதில் ஒத்துப்போகிற விஷயம் அல்ல. 2006 ஆகஸ்டில் அந்த நீரிணை அபாயப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இது முழுவதும் ஓட்டலில் பேசியதன் பலன் என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். கடற்படைகளின் கூட்டு ரோந்து அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கியிருந்தது. ஆனால் யோசனை பிறந்து நான்கு மாதத்துக்குள் விமானம் பறந்ததற்கு, அதைக் கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் ஒரே அறையில் இருந்தது காரணமில்லை என்றும் சொல்ல முடியாது.

மேடைப் பேச்சைவிட முக்கியமானது மாடியில் சின்ன அறைகளில் நடக்கும் சந்திப்பு. கல்யாண வீட்டில் பந்தியைவிடத் திண்ணையில்தான் அடுத்த சம்பந்தங்கள் முடிவாகின்றன அல்லவா, அது போல. அந்த அறைகளின் மதிப்பு, அவை பூட்டிக் கிடந்த ஆண்டில்தான் நன்றாகத் தெரிந்தது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் அப்போதைய தலைவர் நான்சி பெலோசி, சீனா தன்னுடையது என்று கோரும் தைவானுக்குச் சென்றதை அடுத்து, அமெரிக்கப் படைத் தளபதிகளோடு பேசும் வழிகளைச் சீனா துண்டித்துவிட்டது. 2023 ஜூனில் சிங்கப்பூர் வந்த சீனப் பாதுகாப்பு அமைச்சர் லீ ஷாங்ஃபூ, ரஷ்யாவிடம் ஆயுதம் வாங்கிய விவகாரத்தில் 2018 முதலே அமெரிக்காவின் தடைக்கு ஆளானவர். அமெரிக்க அமைச்சர் லாயிட் ஆஸ்டினைத் தனியே சந்திக்கச் சீனா மறுத்தது. தொடக்க விருந்தில் இருவரும் கைகுலுக்கினார்கள், அதோடு சரி. மறுநாள் தைவான் நீரிணையில் சென்றுகொண்டிருந்த அமெரிக்காவின் சங்-ஹூன் போர்க்கப்பலின் முன்னால், சுமார் 150 கஜத் தொலைவில், சீனப் போர்க்கப்பல் ஒன்று குறுக்கே வெட்டிச் சென்றது. அமெரிக்கக் கப்பல் வேகத்தைக் குறைத்ததால் மோதல் நிகழவில்லை. அன்று இரண்டு கப்பல்களும் உரசியிருந்தால் யார் யாரைத் தொலைபேசியில் கூப்பிட்டிருப்பார்கள்? கூப்பிட வேண்டிய இருவரும் ஒரே ஓட்டலில்தான் இருந்தார்கள். பேச்சுவார்த்தையில் மட்டும் இல்லை. அந்த ஆண்டு நவம்பரில் பைடனும் ஷீ ஜின்பிங்கும் கலிபோர்னியாவில் சந்தித்த பிறகு வழி திறந்தது. லீ அதற்குள் பதவி இழந்துவிட்டார். 2024 மே 31 அன்று, அவருக்குப் பின் வந்த தோங் ஜுன் அதே ஷாங்ரி-லாவில் ஆஸ்டினோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். தைவான் பற்றிய நிலைப்பாட்டை இரு தரப்பும் ஓர் அங்குலமும் மாற்றிக்கொள்ளவில்லை. தளபதிகள் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள் என்பது மட்டும் உறுதியானது. சாதாரண விஷயம்தான்; கப்பல்கள் 150 கஜத்தில் ஒன்றையொன்று கடக்கும் கடலில் அந்தச் சாதாரண விஷயத்தைத்தான் ராஜதந்திரம் என்கிறார்கள்.

இன்னொன்று, கேள்வி நேரம். உரை முடிந்ததும் அமைச்சர் மேடையிலேயே இருந்து, ஆய்வாளர்களும் பிற நாட்டு அதிகாரிகளும் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். 2019 ஜூன் 2 அன்று சீன அமைச்சர் வெய் ஃபெங்ஹே இப்படிச் சிக்கினார். 1989-இல் மாணவர் போராட்டத்தைச் சீன ராணுவம் ஒடுக்கிய தியானன்மென் படுகொலையின் 30-ஆம் ஆண்டு நினைவுக்கு இரண்டு நாளே இருந்தது. அதைப் பற்றி ஒருவர் கேட்டுவிட்டார். அந்தக் கொந்தளிப்பை அடக்க அரசு எடுத்த நடவடிக்கை சரியான கொள்கை என்று அவர் பதில் சொன்னார். பதில் கொடூரமானதுதான். ஆனால் பெய்ஜிங்கில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் ஏது? 2025-இல் சீனா தன் அமைச்சரை அனுப்பாமல், தேசியப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் குழு ஒன்றை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. பெய்ஜிங்கிலேயே அவர்கள் நடத்தும் சியாங்ஷான் மன்றத்தில் அமைச்சருக்கு இந்த ஆபத்து குறைவு.

நீங்கள் சரியாகக் கை வைத்திருக்கும் இடம் பணம். போயிங், பி.ஏ.இ. சிஸ்டம்ஸ் போன்ற ஆயுதக் கம்பெனிகள் புரவலர்களாக இருந்திருப்பதை நிறுவனமே மறைப்பதில்லை. போர்விமானம் விற்பவர் செலவில், போர்விமானம் வாங்குபவர்கள் சமாதானம் பேசுவது கண்ணை உறுத்தத்தான் செய்யும். இதைவிடவும் உறுத்துவது, சொல்லாமல் வாங்கிய பணம். இதே நிறுவனம் 2004 முதல் பஹ்ரைனில் மனாமா மாநாட்டையும் நடத்திவருகிறது. பஹ்ரைன் அரச குடும்பத்திடமிருந்து அது 2.5 கோடி பவுண்டுக்கு மேல் பெற்றிருந்ததும், அதை ரகசியமாக வைத்திருக்க ஒப்புக்கொண்டிருந்ததும் 2016 டிசம்பரில் கசிந்த ஆவணங்களால் வெளிச்சத்துக்கு வந்தன. ஆண்டுதோறும் அவர்கள் வெளியிடும் உலகப் படைபலக் கணக்கு 1959 முதல் வருகிறது. எந்த நாட்டிடம் எத்தனை டாங்கி என்று இந்தப் பத்திரிகை உட்பட எல்லோரும் அதிலிருந்துதான் எடுத்து எழுதுகிறோம். அந்த எண்களில் நான் குறை காணவில்லை. ஆனால் எந்த நாட்டைப் பற்றி ஆய்வு செய்கிறார்களோ அந்த நாடே படியளந்தால், எண்ணில் தவறு வராவிட்டாலும் எதை எழுதாமல் விடுவது என்பதில் தவறு வரும். டெல்லியில் 1965 முதல் இயங்கும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமும் பாதுகாப்பு அமைச்சகத்தின் பணத்தில்தான் நடக்கிறது. லண்டனைப் பார்த்து நாம் அதிகம் சிரிக்க இடமில்லை.

கடைசியாக, நம்மவர்கள் அங்கே போவது பற்றி. 2018-இல் பிரதமர் மோடி அங்கே தொடக்க உரையாற்றி, இந்தோ-பசிபிக் என்பது சில நாடுகள் மட்டும் சேர்ந்த சங்கம் அல்ல என்றார். அந்த மேடையில் தொடக்க உரை நிகழ்த்திய முதல் இந்தியப் பிரதமர் அவர். அது மேடைக்கான பேச்சு, விடுங்கள். 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் நடந்த சண்டை 10-ஆம் தேதி நின்றது. நம் போர்விமானம் ஏதும் வீழ்ந்ததா என்ற கேள்விக்கு அரசிடமிருந்து நேரான பதில் இல்லை. மாநாட்டுக்காகச் சிங்கப்பூர் சென்றிருந்த முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌகான், மே 31 அன்று ஒரு வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்கு அளித்த பேட்டியில், ஆறு விமானங்களை வீழ்த்தியதாகப் பாகிஸ்தான் சொல்வது முற்றிலும் தவறு என்று மறுத்துவிட்டு, விமானம் வீழ்ந்தது முக்கியமல்ல, ஏன் வீழ்ந்தது என்பதே முக்கியம் என்றார். இழப்பு உண்டு என்பதை இந்தியர்கள் அதிகாரபூர்வமாகத் தெரிந்துகொண்டது அப்படித்தான். சிறப்புக் கூட்டத்தொடர் வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டுக்கொண்டே இருக்க, நம் நாடாளுமன்றம் கூடியது ஜூலை 21 அன்று. வரிப்பணத்தில் சிங்கப்பூர் போனதைக் கேட்கிறீர்கள். அதே வரிப்பணத்தில் நடக்கும் டெல்லி அவையில் சொல்லியிருக்க வேண்டியதை, அந்த அவை கூடுவதற்கு ஏழு வாரம் முன்பே அவர் ஏன் அந்த ஊரில் சொல்ல நேர்ந்தது என்று நான் கேட்கிறேன்.